பொய்க் கிள்ளு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, சன்னல் பக்கம் நான் வாரேன். உங்க காலை மிதிச்சிட்டேனா? தப்பா எடுத்துக்கிடாதீங்க. எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். இப்ப உங்களுக்கு நாலு கால் தெரியுது. எது நெசக் கால்னு பாத்து அடி எடுத்து வைக்கதுக்குள்ள டிரைவர் வண்டிய எடுத்துட்டான்.

என் மூஞ்சியப் பாக்கீங்க. நல்லாப் பாருங்க, எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்ல. ஆக்சிடெண்டான்னு கேப்பாங்க எல்லாரும். இல்ல அண்ணாச்சி, அடி. ஒரு மனுசன் வெறுங்கையால அடிச்ச அடி. இடது கண்ணுக்குக் கீழ இருக்க எலும்பு நொறுங்கி உள்ள இறங்கிட்டு. ரெண்டு ஆபரேசன் பண்ணி உள்ள தகடு வச்சிருக்கு. மேல் வரிசையில ரெண்டு பல்லு போச்சு. செஞ்சது ரவுடியும் இல்ல, பங்காளியும் இல்ல. என் பேஷண்டு. தியேட்டர் டேபிள்ல மல்லாந்து கெடந்தவன்.

நான் மயக்க டாக்டர். பேரு நெல்லையப்பன். தூத்துக்குடியில முப்பத்தோரு வருசம் ஊசி போட்டிருக்கேன். இப்ப பாளையங்கோட்டையில மச்சான் வீட்டு மாடியில குடியிருக்கோம், அந்த ஊர்ல இனி இருக்க முடியாதுன்னு வீட்டம்மா சொல்லிட்டா. இன்னைக்கு அங்க கோர்ட்டு. நான்தான் முதல் சாட்சி. அரசு வக்கீல் நேத்தே போன்ல சொல்லிட்டாரு, அவன் வக்கீல் கேக்கப் போறது ஒரே ஒரு கேள்விதான்னு. அறுக்கதுக்கு முன்னால மரத்துச்சான்னு சோதிச்சுப் பாத்தீங்களா டாக்டர்? பாத்தேன்னு நான் சொல்லிட்டா அவன் உள்ள போவான், வருசக் கணக்குல. பாக்கலைன்னு ஆச்சுன்னா அவன் வெளிய, நான் ஊர் சிரிக்க நிக்கணும். அவ்வளவுதான் கேசு. சோதிக்காம இருப்பேனா? இருபதாயிரம் முதுகு பாத்தவன் நான்.

நான் கோவக்காரன் இல்ல, அதை முதல்ல சொல்லிருதேன். சத்தம் போடுவேன், அது சுபாவம். ஆனா பயந்தவனைக் கண்டா எனக்கு ஆகாது. நோவுக்கு மருந்து உண்டு, பயத்துக்கு என்ன மருந்து இருக்கு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க.

உங்களுக்கு இந்த ஊசி போட்டதில்லையே? நல்லது. முதுகெலும்புச் சந்துல மெல்லிசா ஒரு ஊசி. மருந்து உள்ள போச்சுன்னா இடுப்புக்குக் கீழ மரக்கட்டை. ஆளு முழிச்சுக்கிட்டே கெடப்பான், வயித்தை அறுப்பாங்க, தெரியாது. நெஞ்சுக்கு மேல பச்சைத் துணியத் திரையாக் கட்டிருவோம், அவன் ஒண்ணும் பாக்கவும் முடியாது. மருந்து கனமான மருந்து, தண்ணி மாதிரி பள்ளம் பாத்து இறங்கும். அதனால ஒருச்சாஞ்சு படுக்க வச்சு ஊசி போட்டா, உடனே நிமித்திப் போட்டிரணும். இல்லைன்னா படுத்த பக்கம் மட்டும் மரத்துட்டு மத்த பக்கம் முழிச்சுக்கிடும். இது முதல் வருசம் படிக்கவனுக்கே தெரியும். அருமையான வைத்தியம் அண்ணாச்சி. இதுல ஒரே தொந்தரவு, ஆளுக்கு வாய் இருக்கும்.

அந்த வாய அடக்க ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு கொள்கை. ஒருத்தர் காதுல பாட்டு மாட்டி விடுவாரு. ஒருத்தர் தலமாட்டுல உக்காந்துக்கிட்டு பேரன் பேத்தி எத்தனை, மூத்தவளை எங்க கெட்டிக் குடுத்திருக்குன்னு கதை கேப்பாரு. எங்க சர்ஜன் குருநாதன், லேசாத் தூங்க வச்சிருங்க சார்னு சொல்லுவான். எங்கிட்ட அதெல்லாம் கெடையாது. தொடையில ஒரு தட்டு. அதுல அடங்கலைன்னா கன்னத்துல ஒண்ணு. அடிச்சேன்னு நெனைச்சிராதீங்க, தட்டுனேன். அடி வேற, தட்டு வேற. பெத்த தகப்பன் தட்ட மாட்டானா?

ஒரு டீச்சரம்மா, பிரசவ ஆபரேசன். ஊசி உள்ள இறங்குத நேரத்துல விலுக்குன்னு நிமிந்தாங்க, ஊசி வளைஞ்சு போச்சு. முதுகுல ஒண்ணு வச்சேன், அஞ்சு விரலும் பதிஞ்சுது. பெறவு உக்காந்தாங்க பாருங்க, அசைவே இல்ல. ஆம்பளைப் பிள்ளை. வீட்டுக்குப் போகும்போது எங்கிட்ட வந்து நன்றி சொல்லிட்டுத்தான் போனாங்க. தரையப் பாத்துக்கிட்டே சொன்னாங்க, என் மூஞ்சிய ஏறிட்டுப் பாக்கல. அவ்வளவு மரியாதை.

இந்தப் பயந்தவங்ககிட்ட இன்னொரு கூத்து உண்டு. மரத்துச்சான்னு கிள்ளிப் பாத்து வலிக்கான்னு கேட்டா, மரக்கட்டையாக் கெடக்கவனும் ஆமாம்பான். அறுத்திருவாங்கன்னு பயம். இதுக்கு நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். நானே. எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது. இருங்க, உங்க கைய நீட்டுங்க. அந்தப் பக்கம் திரும்பி அந்தப் பனைமரத்தைப் பாருங்க. இப்ப கிள்ளுதேன். வலிக்கா?

ஆமாங்கீங்க. நான் தொடவே இல்ல அண்ணாச்சி. என் கை என் மடியில இருக்கு. பாத்தீங்களா? படிச்சவரு மாதிரி இருக்கீங்க, நீங்களே ஆமான்னுட்டீங்க. இதுக்குப் பேரு பொய்க் கிள்ளு. திரைக்கு அந்தப் பக்கம் சும்மா நின்னுக்கிட்டு, கிள்ளுதேன், வலிக்கான்னு கேப்பேன். இல்லைன்னு சொன்னான்னா நம்பலாம், அவனை நெசமாக் கிள்ளிப் பாக்கலாம். ஆமான்னு சொன்னான்னா ஆளு பயந்தாங்கொள்ளி, பொய்யன். அதுக்கு மேல அவன் அய்யோம்பான், அம்மாம்பான், காதுல வாங்கப்படாது.

இதை ஒரு பிள்ளை எழுதி வாங்கிட்டுப் போச்சு. டாக்டர் ஷெரின்னு, மயக்க மருந்துல மேல்படிப்பு படிக்கது. முழிச்சிருக்க பேஷண்டோட பயத்தைப் பத்தி டாக்டர்மாரு என்ன நெனைக்காங்கன்னு இருபது கேள்வி அச்சடிச்சுக் கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்குச்சு. ஒம்பதாவது கேள்வி, பேஷண்டு வலிக்குன்னு சொன்னா அது பயமா வலியான்னு எப்படிப் பிரிப்பீங்க? மத்தவங்கள்ளாம் ஆறுதல் சொல்லுவேன், அன்பாப் பேசுவேன்னு பூசி மொழுகி வச்சிருந்தாங்க. நான் உள்ளதை எழுதினேன். இங்கிலீசுல பொய்க் கிள்ளுக்கு வார்த்தை இல்ல, அதனால நல்ல தமிழ்லயே எழுதினேன். பேரு போட வேண்டாம் சார்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. ஏன் போடக் கூடாது? பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினேன். நாலு காப்பி எடுத்து ஒண்ணைத் தியேட்டர் சுவத்துல ஒட்டினேன், சிஸ்டர்மாரும் படிச்சுக்கிடட்டும்னு.

அதுக்கு ரெண்டாவது வாரம்தான் இவன் வாரான். சூசை மிக்கேல். மீன்பிடித் துறைமுகத்துல லோடு ஏத்துதவன். ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி வலது அடிவயித்துல குடல் இறங்கிட்டு, சின்ன ஆபரேசன். ஆளு எப்படி இருப்பாங்கீங்க, கதவை அடைச்சுக்கிட்டு நிப்பான். அந்த உடம்பு நடுங்குது அண்ணாச்சி. டேபிளே கிடுகிடுங்குது. கழுத்துல மாதா படம் போட்ட கயிறு, அதை வாயில கடிச்சுக்கிட்டு இருந்தான். எனக்கு அப்பவே பத்திக்கிட்டு வந்துச்சு. மலை மாதிரி வளந்திருக்கான், பச்சைப்பிள்ளை மாதிரி நடுங்குதான்.

இடது பக்கமா ஒருச்சாச்சுப் படுக்க வச்சு நாலு பேரு அமுக்கிப் பிடிச்சாங்க. ஊசி தொட்டதும் துள்ளினான் பாருங்க, பிடிச்சிருந்த வார்டு பாய் போய் சுவத்துல விழுந்தான். நான் கன்னத்துல ஒண்ணு தட்டினேன். கொஞ்சம் பலமாத்தான், உதடு கிழிஞ்சுட்டு. கண்ணுல தண்ணி வந்துச்சே தவிர ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. சரி சார், சரி சார்னு மடங்கிக் குடுத்தான். அப்படியே அடங்கிக் கெடந்திருந்தான்னா இன்னைக்கு இந்தப் பஸ்ஸுல நான் ஏன் வாரேன்? ஊசி போட்டேன். மருந்து அழகா உள்ள போச்சு.

அந்த நேரம் பாத்து போன் வந்துட்டு. எங்க டாக்டர் சங்கத்துச் செயலாளர். ஷெரின் எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு அவர்கிட்ட காட்டியிருக்கு போல. என் பதிலைப் படிச்சிட்டு மனுசன் அசந்து போயிட்டாரு, வருசாந்திரக் கூட்டத்துல நோயாளியின் பயம்னு நீங்கதான் அரை மணி நேரம் பேசணும்னாரு. மரியாதைக்கு நாலு வார்த்தை பேச வேண்டாமா? ஒரு ஏழெட்டு நிமிசம் ஆகியிருக்கும். சிஸ்டர் தங்கபுஷ்பம் நடுவுல ரெண்டு தடவை வந்து, ஒருச்சாஞ்சேதான் கெடக்காரு, நிமித்திப் போட்டிரவா சார்னு கேட்டுது. நான் கையக் காட்டி நிறுத்தினேன். பெரிய மனுசர் போன்ல இருக்கும்போது குறுக்க பேசுத பழக்கம் எனக்குப் பிடிக்காது.

பெறவு நிமித்திப் போட்டோம். திரை கட்டினோம். நான் பொய்க் கிள்ளு கேட்டேன், ஏலே, வலிக்கான்னு. ஆமா சார், வலிக்குன்னான். நான் தொடவே இல்ல. முதல் வார்த்தையே பொய். சிஸ்டரைப் பாத்துச் சிரிச்சேன். அது சிரிக்கல. என் பக்கத்துல வந்து மெதுவா, சார், ஒருக்கா நெசமாக் கிள்ளிப் பாத்திருங்க, அவரு வலது கால் விரலை ஆட்டுதாருன்னு சொல்லுச்சு. எனக்கு வந்துச்சே கோவம். இருபத்தாறு வயசுப் பிள்ளை, பேஷண்டு காது கேக்க எனக்குப் பாடம் சொல்லுது. கையில கெடச்ச ஸ்டீல் தட்டை எடுத்து எறிஞ்சேன். அது மேல படணும்னு எறியல, நெத்தியில பட்டுட்டு. மூணு தையல். அதுவும் ஒரு தட்டுன்னு வச்சுக்கிடுங்க. குருநாதன் கத்தியக் கையில வச்சுக்கிட்டு என்ன சார்னு முழிக்கான். நீங்க ஆரம்பிங்கன்னேன்.

அறுத்தான்.

அந்தச் சத்தத்தை நான் மனுசன் வாயில கேட்டதில்ல. மாடறுக்க இடத்துல கேட்டிருக்கேன். குருநாதன் கைய எடுத்துட்டான், சார் வலிக்கு போலிருக்கேன்னான். நான் சொன்னேன், தொடுதது தெரியும், வலி தெரியாது, இது பயம், நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் தலமாட்டுல நிக்கேன். அவன் கண்ணைத் தலைகீழா என்னையப் பாத்து உருட்டுதான். சும்மா சொல்லல சார், நெசமாத்தான் சொல்லுதேன், நம்புங்க சார்னான். அதையே திருப்பித் திருப்பி. நம்புங்க சார், நம்புங்க சார். ஏலே, சும்மா கெடன்னு நான் வாயப் பொத்தினேன். கடிச்சான். கட்டுங்க இவனைன்னு சொன்னேன். வலது கையக் காயத்துக்குக் கட்டுத காஸ் துணியால பலகையோட சேத்து இறுக்கிக் கட்டினாங்க. குருநாதன் மறுபடியும் கத்திய வச்சான்.

கட்டு அந்துட்டு. எப்படி அந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, துணி கிழிஞ்ச சத்தம் மட்டும் கேட்டுது. அவன் கை மேல வந்து என் சட்டையப் பிடிச்சு இழுத்து டேபிள் கம்பியில என் மூஞ்சிய மோதுச்சு. பல்லு அப்பப் போனதுதான். பெறவு குத்தினான். இந்தக் கண்ணுல. திரும்பவும் இதே கண்ணுல. உள்ள எதோ பப்படம் மாதிரி நொறுங்குனது எனக்கே கேட்டுது. நான் தரையில விழுந்தேன். அவன் டேபிளை விட்டு இறங்கி வாரான், குளுக்கோஸ் ஸ்டாண்டு, திரை எல்லாம் அவனோட சேந்து விழுது. இடது கால் தொவண்டு இழுக்குது, வலது காலை ஊணி நிக்கான். அந்த வலது காலாலயே என் விலாவுல எத்தினான். முதுகுல ஊசி போட்டவன், அண்ணாச்சி. ஊசி போட்ட காலால எத்துதான்னா எவ்வளவு திமிர் இருக்கணும்.

என் நெஞ்சு மேல உக்காந்துட்டான். அவன் வயித்துல இருந்து ரத்தம் என் மேல வடியுது, என் மூக்குல இருந்தும் வடியுது, யாரு ரத்தம்னே தெரியல. ஒவ்வொரு குத்துக்கும் கேக்கான், வலிக்கா சார்? வலிக்கா சார்? என்ன எகத்தாளம் பாருங்க. வலிக்குலே, விட்டிருன்னு நான் கத்தினேன். சொன்ன உடனே விட்டுட்டான். ஒரு குத்து கூட மேக்கொண்டு விழல. கைய எடுத்துட்டு என் மேலயே சாஞ்சு அழுதான். பலம் போயிருக்கும். அதுக்குள்ள நாலு பேரு வந்து இழுத்துப் போட்டாங்க. முழு மயக்கம் குடுத்து மிச்ச ஆபரேசனை முடிச்சாங்களாம், குடுக்க வேற டாக்டரைக் கூப்பிட்டு.

வெளிய துறைமுகத்து ஆளுங்க முப்பது பேரு. ரிசப்சன் கண்ணாடி, மருந்துக்கடை, என் கார், ஒண்ணு மிச்சமில்ல. வாட்ச்மேன் கை ஒடிஞ்சுது. மறுநாள் எங்க சங்கம் ஊர் பூராவும் ஆஸ்பத்திரிய அடைச்சுது, ஜாமீன் இல்லாத கேசு போட்டாங்க. மூணாவது நாள் போலீஸ் வந்துச்சு. அவன் வார்டுல காலைச் சங்கிலி போட்டுக் கட்டில்ல கெடக்கான். நான் கண்ணுல கட்டோட வாசல்ல நிக்கேன். டாக்டர் சார் பாக்கணும்லான்னு ஒரு போலீஸ்காரர் கதவை நல்லாத் தொறந்து வச்சாரு. நாலு தட்டு தட்டினாங்க. தையல் பிரிஞ்சு மெத்தை நனைஞ்சுது. பாவமாத்தான் இருந்துச்சு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணைக் கவனிச்சேன். அவன் கத்தவே இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு கெடந்தான். அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு. நெசமா வலிச்சா மனுசன் கத்த மாட்டான். கத்தினா பயம். நான் எழுதிக் குடுத்தது அப்படியே சரி.

பல்லுக்கு மட்டும் இங்க பாளையங்கோட்டையில ஒருத்தன்கிட்ட போறேன். சின்ன வயசு, அனுபவம் பத்தாது. மரத்துட்டான்னு கேட்டான், மரத்துட்டுன்னேன். புதுப் பல்லுக்கு ஆணிய முடுக்கும்போது சுருக்குன்னுச்சு, சும்மா கையத் தூக்கினேன். உடனே நிறுத்திட்டான். பயமா இருக்கா சாருன்னு கேப்பான்னு பாத்தேன், கேக்கல. இன்னொரு ஊசி போட்டு, பத்து நிமிசம் காத்திருந்து, குச்சியால குத்திக் குத்திப் பாத்து, பெறவுதான் தொட்டான். இப்படி ஒவ்வொருத்தனும் கையத் தூக்கினதுக்கெல்லாம் நிறுத்தினா ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்க முடியும்?

என் தொழில் போச்சு அண்ணாச்சி. அதுதான் எனக்கு ஆறல. முதுகைப் பாத்தா ரெண்டு முதுகு தெரியுது. எந்த முதுகுல குத்த? போன தையில ஒரு தடவை முயற்சி பண்ணினேன், சந்துல குத்தாம சதையில குத்திட்டேன், அந்த அம்மா அலறுச்சு. அதோட விட்டாச்சு. அவன் பொண்டாட்டி செல்வமேரி வீடு தேடி வந்தா. அவன் இப்ப கோர்ட்டு குடுத்த ஜாமீன்ல இருக்கான், பிரிஞ்ச தையல் சரியாச் சேரல, லோடு தூக்க முடியாது, அவதான் கருவாடு விக்கா. படியில உக்காந்துக்கிட்டு, அவரு பொய் சொல்ல மாட்டாரு சார், உங்களுக்கே தெரியும்லா, கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்கன்னா. எங்கிட்ட அவன் சொன்ன முதல் வார்த்தையே பொய்தானேம்மான்னு கதவை அடைச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வாசல்ல வந்து நிப்பா. நான் இறங்கி நடந்து உள்ள போற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பா.

என்ன கேட்டீங்க? நெசமா எப்ப கிள்ளினேன்னா?

அதான் சொன்னேனே. வலிக்கான்னு கேட்டேன், ஆமான்னான். பெறவு சிஸ்டர் வந்துச்சு. பெறவு தட்டு. பெறவு குருநாதன் கேட்டான். ஆரம்பிங்கன்னேன். நடுவுல கிள்ளியிருப்பேன். எப்பவும் கிள்ளுவேன். இல்லைன்னு சொல்லுத ஆளைக் கிள்ளுவேன்னு சொன்னேன்லா. ஆமான்னு சொன்னவனை எதுக்கு... நீங்க என்ன அண்ணாச்சி, வக்கீல் மாதிரிக் கேக்கீங்க. டிக்கெட்டு எடுத்தோமா, காத்து வாங்கினோமான்னு இருக்கணும்.

கோவிச்சுக்கிடாதீங்க. சந்தேகம்னா பேப்பரே இருக்கு. ஷெரின்கிட்ட குடுத்ததுல ஒரு காப்பி, கோர்ட்டுல குடுக்கணும்னு பைக்குள்ள வச்சிருக்கேன். அரசு வக்கீலுக்குக் கூட இன்னும் காட்டல. நான் சோதிக்காம விட மாட்டேங்கதுக்கு என் கைப்பட எழுதின அத்தாட்சி. இந்தாங்க. எனக்கு எழுத்து ரெண்டாத் தெரியும், எழுதினதுக்கப்புறம் நான் படிச்சதே இல்ல. ஒம்பதாவது கேள்விக்குக் கீழ இருக்கதை வாசிங்க, காதால கேட்டுக்கிடுதேன்.

“நோயாளி பொய்க் கிள்ளுக்கு ஆம் என்றால் அது வலி அல்ல, பயம். அதன் பின் அவர் சொல்லும் எதையும் நான் பொருட்படுத்துவதில்லை. மறுபடி சோதித்து நேரத்தை வீணாக்குவதுமில்லை.”

ம். நல்ல தமிழ்.

கடைசி வரிய மட்டும் இன்னொருக்கா வாசிங்க.

மறுபடி சோதித்து. இதை நானா எழுதினேன்? கீழ சீல் இருக்கா? எனக்கு ரெண்டு சீல் தெரியுது. ஒண்ணுதானா. ஒண்ணு போதும்.

குடுங்க, கிழிச்சிருதேன். கிழிச்சு என்ன செய்ய. சுவத்துல ஒண்ணு ஒட்டினேனே. இல்ல, இப்ப அங்க இல்ல. போன மாசம் என் சாமான எடுக்கப் போனப்ப அந்த இடம் வெள்ளையாக் கெடந்துச்சு, பசைத் தடம் மட்டும் நாலு மூலையிலயும். பெயிண்ட் அடிக்கப் போறாங்க போலன்னு நெனைச்சேன். தங்கபுஷ்பமும் இன்னைக்குச் சாட்சி. போன வாய்தாவுக்கு வந்திருந்துச்சு, நெத்தியில தழும்பு. கையில ஒரு பழுப்புக் கவர். என்னம்மா, நல்லா இருக்கியான்னு கேட்டேன். நல்லா இருக்கேன் சார்னுச்சு. இத்தனை வருசம் எங்கிட்ட பேசும்போது அது கை நடுங்கும். அன்னைக்கு நடுங்கல. நான்கூட, பரவால்ல, பிள்ளைக்குப் பயம் தெளிஞ்சிட்டுன்னு நெனைச்சேன்.

என்ன, கண்டக்டர் கோர்ட்டுங்கானா? அதுக்குள்ளயா? இருங்க, பையப் பிடிங்க.

அந்தா நிக்கா பாருங்க செல்வமேரி, கேட்டுக்குப் பக்கத்துல, நீலச் சேலை. எனக்கு ரெண்டு பேராத் தெரியுது. அவ பக்கத்துல அவன் நிக்கானா? நிக்கானா இல்லையா? சரியாப் பாத்துச் சொல்லுங்க. வயித்தைக் கையால பிடிச்சுக்கிட்டு ஒரு பெரிய ஆளு. நிக்கான். ஒருத்தன்தானே? எனக்கு ரெண்டு.

அண்ணாச்சி, ஒரு உபகாரம். இறங்கி என் கையப் பிடிச்சுக்கிடுங்க. ரெண்டு படி தெரியுது, எது நெசப் படின்னு தெரியல. கண்டக்டர் சிரிக்கான், பெரியவர் சும்மா பயப்படுதாருங்கான். வண்டிய எடுக்கச் சொல்லாதீங்க. எனக்குக் கால் ஆடுது, பாருங்க, தொட்டுப் பாருங்க. சும்மா சொல்லல அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதேன். நம்புங்க.